அம்பு வைத்தியனைப் பார்க்க அனுமதி

செயலித் தேர்வு வாரியம் இன்றுவரை எந்தச் செயலியையும் தடை செய்ததில்லை. நம்பாதவர்கள் வாரியத்தின் வாசலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆள் உயரப் பலகையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரியும் உண்டு: "விருப்பம் உங்களுடையது. தேர்ந்தெடுப்பது மட்டும் எங்களுடையது."

வாரியம் வருவதற்கு முன்னால் ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அனிமே என்கிற ஜப்பான் பொம்மைப் படம் பார்க்க ஒரு செயலியை இறக்கினால் அதில் தொடரின் முன்பாதிதான் இருக்கும். பின்பாதி வேறொரு செயலியில் இருக்கும். அங்கே போனால் கதாநாயகன் வாளை உருவுகிற நேரம் பார்த்து சோப்பு விளம்பரம் வரும். மாங்கா என்கிற ஜப்பான் படக்கதை படிக்கிற செயலிகளோ ஒரு அத்தியாயத்தைக் காட்டிவிட்டு, மிச்சத்துக்கு நாளைக்கு வா என்று கதவைச் சாத்திவிடும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யோசித்தே பொழுது போய்விடுகிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் மேலிடத்துக்கு எழுதிப் போட்டாராம். மேலிடம் மனமிரங்கியது. எல்லாச் செயலிகளும் ஒரே காலையில் பூட்டப்பட்டன. இனிமேல் வாரியத்துக்கு நேரில் போய், தனக்கு எது பொருத்தம் என்று அவர்கள் சொல்வதை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். எழுதிப் போட்ட புண்ணியவானை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

லென்ஸ்காரர் அங்கே போனது ஒரு தொடரின் கடைசிப் பாகத்துக்காக. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்கார வைப்பது அவர் வேலை. தெருவில் எல்லாருக்கும் அவர் லென்ஸ்காரர்தான். தலை நரைத்த மனுஷன் பொம்மைப் படம் பார்க்கிறாரே என்று கடை முதலாளி கேலி செய்வார். இவர் எதிர்த்துப் பேசியதில்லை. இவருக்கும் பொம்மைப் படத்தின் மேல் அப்படியொன்றும் மோகம் கிடையாது.

விஷயம் மகள். மனைவி போன பிறகு வீட்டில் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்ததும் இருவருக்கும் வாய்த்தகராறு முற்றி, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு போன் பேச்சு "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன். நீங்க?", "ஆச்சு" என்பதோடு தீர்ந்துபோகும். இப்படியே போனால் அதுவும் நின்றுவிடும் என்று பயந்தாளோ என்னவோ, ஒருநாள் அவளாகவே 'அம்பு வைத்தியன்' என்கிற தொடரை அனுப்பி வைத்தாள். சண்டை போடுகிற இரண்டு பக்கத்து வீரர்களின் உடம்பிலிருந்தும் அம்பைப் பிடுங்கி உயிர் கொடுக்கிற ஒரு வைத்தியனின் கதை அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அங்கே, இவர் இங்கே, ஒரே நேரத்தில் ஓடவிட்டுக்கொண்டு செய்தி அனுப்பிக்கொள்வார்கள்.

"அப்பா, நிறுத்துங்க. அந்த நர்ஸைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அவ மூக்கு உங்கம்மா மூக்கு."

"அதான் எனக்கு அவளைப் பிடிச்சிருக்கு."

மூக்குக் கண்ணாடிக்காரருக்கு மூக்குதான் கண்ணில் படும். அந்த மூக்கிலிருந்து ஆரம்பித்துத்தான் செத்துப்போன மனைவியைப் பற்றி அப்பாவும் மகளும் முதல்முறையாகப் பேசிக்கொண்டார்கள். செயலி பூட்டப்பட்ட அடுத்த வாரமே மறுபடி "சாப்பிட்டியா" வந்துவிட்டது. அதை அவரால் தாங்க முடியவில்லை. விண்ணப்பத்தில் காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்: "மகளோடு பேசுவதற்கு."

வாரியத்தின் காத்திருப்பு அறையில் ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன. நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரொட்டிக் கடைக்காரர் கால்பந்து மாங்கா படிக்க அனுமதி கேட்டு வந்தவர். இரண்டாம் முறை வருகிறாராம்.

"முதல் தடவை குடுக்கலீங்களா?" என்று லென்ஸ்காரர் கேட்டார்.

"குடுத்தாங்க. ஒரே ஒரு தொடர் இருக்குற செயலி. அதுல ஒரே ஒரு பாகம். ஒரு ஆள் சுவருக்கு வெள்ளையடிப்பான். அடிச்சு முடிச்சதும் மறுபடி மொதல்ல இருந்து அடிப்பான்."

"அய்யய்யோ."

"நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனா பாக்கப் பாக்க நல்லாத்தான் இருக்குங்க. இப்ப எனக்கு வேற எதுவும் வேணாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். அதை நேர்ல வந்து சொல்லணுமாம்."

சொல்லும்போது ரொட்டிக் கடைக்காரர் சிரித்தார். கண்கள் மட்டும் எதிர்ச்சுவரில் எங்கேயோ வெள்ளையடித்துக்கொண்டிருந்தன.

அறையின் மூலையில் ஒரு மேஜை. அதன் மேல் ஒரு பெரிய கூடை நிறைய போன்கள். ஒவ்வொன்றுக்கும் சார்ஜர் ஒயர் போட்டு, ஒரு பணியாளர் மஞ்சள் துணியால் அவற்றைப் பொறுமையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு போன் ஒளிர்ந்து அதிர்ந்தது. திரையில் 'வீடு' என்று இருந்தது. பணியாளர் அது அடித்து ஓயும்வரை காத்திருந்து, பிறகு துடைத்தார்.

"இதெல்லாம் யாரோடதுங்க?"

"கீழ்த்தளத்துக்கு மறுதேர்வுக்குப் போனவங்களோடது."

"எப்ப வருவாங்க?"

"வருவாங்க. அதுக்குத்தானே சார்ஜ் குறையாம பாத்துக்குறேன்."

"வீட்டுல தேடுவாங்களே. எடுத்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

பணியாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்தவங்க போனை எடுக்குறது மரியாதை இல்லீங்களே" என்றார். நல்ல குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை என்று தெரிந்தது.

லென்ஸ்காரரை முதலில் ரசனையை அளக்கிற சுவை அறைக்குள் அனுப்பினார்கள். அங்கே இருந்த கருவியைக் கண்டதும் லென்ஸ்காரருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கண் பரிசோதனை அறையில் முகவாயை வைத்துக்கொள்கிற தாங்கிதான். ஆனால் இதில் பின்மண்டைக்கும் ஒரு பட்டை இருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட அளவையாளர் அம்மா பட்டையை இறுக்கிவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தார்.

"செயலியில விளம்பரம் வேணுமா, வேணாமா?"

"வேணாங்க."

"விளம்பரத்துல வர்றவங்க மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"கோபமெல்லாம் இல்லீங்க. நடுவுல வந்தா கதை விட்டுப்போகுது."

"பொறுமை இல்லை" என்று அளவையாளர் எழுதிக்கொண்டார். "நம்ம மொழியில குரல் குடுத்தது வேணுமா, அவங்க மொழியிலயே பேசவிட்டுக் கீழ எழுத்து போட்டது வேணுமா?"

"எழுத்து போட்டதுங்க. பழகிடுச்சு."

"தாய்மொழியைக் காதால கேக்கப் பிடிக்கலை. சரி. இறக்கி வெச்சுக்கிட்டு, நெட் இல்லாம பாக்குற வசதி?"

"இருந்தா நல்லதுங்க. பஸ்ல பாக்கலாம்."

"அதாவது, எங்களுக்குத் தெரியாம."

லென்ஸ்காரருக்குத் தலையை ஆட்டி மறுக்க வேண்டும்போல் இருந்தது. பட்டை விடவில்லை. பிறகு ஒரு படத்தை ஓடவிட்டு, எங்கே சிரிக்கிறார், எங்கே கண் கலங்குகிறார் என்று அளந்தார்கள். அளவையாளர் கடைசியில் முகத்தைச் சுளித்தார். "சிரிப்பு வர்ற ஒவ்வொரு இடத்துலயும் உங்க கண்ணு சட்டைப் பைக்குப் போகுது. அங்க என்ன இருக்கு?"

"போனுங்க."

"சிரிக்குறதுக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்?"

சிரித்ததும் மகளுக்குச் செய்தி அனுப்பிப் பழகிவிட்டது என்பதை எப்படிச் சொல்வது என்று அவர் யோசிப்பதற்குள் அதுவும் எழுதப்பட்டுவிட்டது.

தலைவரின் அறை நீளமானது. கதவிலிருந்து மேஜைக்கு நடந்து போவதற்குள் வந்த காரியம் பாதி மறந்துவிடும். நடுவில் தலைவர். அவருக்கு வலப்புறம் மாங்கா நிபுணர். இடப்புறம் கோப்போடு ஒரு எழுத்தர். தலைவரின் கண்ணாடியில் இடது லென்ஸ் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு பார்த்தால் நேர்கோடெல்லாம் சாய்ந்துதான் தெரியும். சொல்லலாமா என்று லென்ஸ்காரருக்கு நாக்கு துறுதுறுத்தது. நல்லவேளையாக, தலைவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"பயப்படாதீங்க. இங்க யாரும் எதையும் தடுக்குறதில்ல. தடுக்குறது அநாகரிகம். நாங்க தேர்ந்தெடுக்குறோம், அவ்வளவுதான். நாங்க தேர்ந்தெடுக்காதது தானா உதிர்ந்துபோகுது. அதுக்கு நாங்க பொறுப்பில்ல. என்னையே எடுத்துக்கங்க. நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு அனிமே பாத்ததில்ல. ஒரு மாங்கா தொட்டதில்ல. அந்தத் தகுதியைப் பாத்துத்தான் என்னை இந்த நாற்காலியில உக்கார வெச்சாங்க. பாத்தவன் தேர்ந்தெடுத்தா தனக்குப் பிடிச்சதைத்தானே தேர்ந்தெடுப்பான்? அது ஊழல் இல்லையா? எனக்கு எதுவுமே பிடிக்காது. அதனால என் தேர்வுல குறை சொல்ல முடியாது."

எழுத்தர் இதைக் கேட்டு மெல்லக் கைதட்டினார். பழக்கமான இடத்தில் தட்டுகிறவர்போல் இருந்தது.

"நீங்க கேட்ட தொடரோட மாங்காவை நம்ம நிபுணர் முழுசா படிச்சுட்டார்" என்றார் தலைவர். "வாரியத்துல படிக்குறவர் இவர் ஒருத்தர்தான். அந்தக் கஷ்டத்தை எல்லாருக்காகவும் இவரே சுமக்குறார். சொல்லுங்க."

நிபுணர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரொம்பக் கொடூரமான கதை. ஆரம்பத்துலயே வைத்தியன் செத்துக் கிடக்குறான். ஊரே அழுவுது. அடுத்த பக்கத்துல எழுந்து உக்காந்துக்குறான். அதுக்கப்புறம் நல்லா நடமாடுற வீரர்களை ஒவ்வொருத்தரா படுக்கப் போட்டு, தட்டுல இருந்து அம்பை எடுத்து நெஞ்சுல சொருகுறான். அவங்க துடிச்சுக்கிட்டே போர்க்களத்துக்குப் போறாங்க. கடைசியில இவன் சின்னக் குழந்தையா சுருங்கி, அம்மா வயித்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்குறான். சட்டத்துக்குப் பயந்துதான்னு நினைக்குறேன்."

வைத்தியன் சாகப்போகிறான் என்பது லென்ஸ்காரருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. கடைசிப் பாகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லையே. அந்தத் துக்கத்தில் வாயைக் கட்டுப்படுத்தத் தவறிவிட்டார்.

"ஐயா, அதை வலது பக்கத்துல இருந்து படிக்கணுங்க. ஜப்பான்காரங்க புத்தகம் நமக்குப் பின்னட்டை இருக்குற பக்கத்துல ஆரம்பிக்கும். நானும் மொதல்ல வேற ஒரு புத்தகத்தை அப்படித்தான் மாத்திப் படிச்சு ஏமாந்தேன். அவன் அம்பைச் சொருகலீங்க, எடுக்குறான்."

எழுத்தரின் பேனா நின்றது. நிபுணர் மட்டும் கையில் இருந்த புத்தகத்தை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, தொட்டால் சுடும் என்பதுபோல் மேஜையில் வைத்தார். வாரியம் அதுவரை இந்தத் தொடரைக் கேட்டு வந்த அத்தனை பேரையும் அந்தக் கொடூரத்துக்காகவே கீழ்த்தளத்துக்கு அனுப்பியிருந்தது.

தலைவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் புன்னகை செய்தார்.

"நிபுணர் தப்பு செஞ்சார்னு சொல்ல முடியாது. அவர் தப்பு செய்யாதவர்னு நியமன உத்தரவுலயே இருக்கு. ஆனா நல்ல யோசனை எங்க இருந்து வந்தாலும் வாரியம் ஏத்துக்கும். இனிமே எல்லாத்தையும் வலது பக்கத்துல இருந்தே படிப்போம். பிறத்தியாருக்கு ஏன் சிரமம்? யோசனை சொன்னவர் கோப்புல இருந்தே ஆரம்பிப்போமே."

எழுத்தர் லென்ஸ்காரரின் கோப்பைத் திருப்பிப் போட்டார். எல்லாக் கோப்பிலும் கடைசித் தாள் ஒரே மாதிரிதான். வேலை சுலபமாகட்டும் என்று முன்கூட்டியே அச்சடித்து, தலைவர் கையெழுத்துப் போட்டு வைத்த தீர்ப்புத் தாள். இதுவரை அந்தத் தாளுக்கு வந்து சேர்வதற்கு முன்னால் பேருக்காவது ஒரு விசாரணை நடக்கும். இப்போது அதுதான் முதல் பக்கம்.

"இவர் மறுதேர்வுக்கு அனுப்பப்படுகிறார்" என்று எழுத்தர் வாசித்தார்.

"என்ன குத்தத்துக்குங்க?" என்றார் லென்ஸ்காரர்.

"அவசரப்படாதீங்க. குற்றம் பின்னாடி வரும்" என்றார் தலைவர். "நீங்க சொன்ன முறைதானே?"

அடுத்த பக்கம் சாட்சியம். சிரிப்பு வரும்போதெல்லாம் சட்டைப் பையைப் பார்க்கிறார். அதற்கடுத்த பக்கம் குற்றம். அது காலியாக இருந்தது. தீர்ப்புக்கும் சாட்சியத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்றை மூவரும் கலந்து பேசி, 'கூட்டுப் பார்வை' என்று நிரப்பினார்கள். இரண்டு பேர் வெவ்வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்த்து, வாரியம் சொல்லாத இடத்தில் சேர்ந்து சிரிப்பது. கடைசியில் வந்தது அவர் கைப்பட எழுதிய விண்ணப்பம்.

"மகளோடு பேசுவதற்கு" என்று எழுத்தர் வாசித்து, கோப்பை மூடினார். முதலில் படித்திருந்தால் ஏழை மனுஷனின் ஆசை. கடைசியில் வந்ததால் ஒப்புதல் வாக்குமூலம்.

"ஆக, கூட்டாளி மகள்" என்றார் தலைவர். "அவங்களும் மறுதேர்வுக்கு வர வேண்டியிருக்கும். எந்த ஊர்ல இருக்காங்க?"

லென்ஸ்காரருக்கு அந்தக் கூடை கண்ணுக்குள் வந்து நின்றது. 'வீடு' என்று ஒளிர்ந்து அடங்கிய அந்தத் திரை. தன்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும். அவள் போன் அந்தக் கூடைக்குள் போகக் கூடாது. இதை நினைத்து முடிப்பதற்குள் வாய் பேசிவிட்டது.

"எனக்கு மக இல்லீங்க."

"எழுதியிருக்கீங்களே."

"அது பொய்ங்க. வீட்டுல தனியா இருக்கேன்னு எழுத வெக்கமா இருந்துச்சு. யாரோ இருக்குற மாதிரி எழுதிட்டேன். பிள்ளையே கிடையாது."

குரல் நடுங்கியது. அதுவே அவருக்கு உதவியாகவும் அமைந்தது. தனிமையில் இருக்கிற மனுஷன் அப்படித்தான் நடுங்குவான் என்று நிபுணர் தலையாட்டினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மகள் இல்லைன்னா கூட்டு இல்ல. கூட்டு இல்லைன்னா குற்றம் இல்ல. பாருங்க, எவ்வளவு நேர்மையா ஒரு முடிவு வருது. வாரியத்துக்கு ரொம்ப நாளா ஒரு கெட்ட பேர். யாருக்கும் கேட்டதைக் குடுக்குறதில்லைன்னு சொல்றாங்க. இன்னைக்கு இவர் கேட்ட செயலியை இவருக்கே குடுத்துடுவோம்."

எழுத்தர் சான்றிதழ் எழுதினார். கேட்ட செயலி, கேட்ட தொடர், விளம்பரம் இல்லாமல், கீழே எழுத்து போட்டது, இறக்கி வைத்துக்கொள்கிற வசதியோடு. பார்வையாளர்: தனி நபர். மகள் இல்லை. அதன் மேல் முத்திரை விழுந்தது. மூவரும் எழுந்து நின்று கைகொடுத்தார்கள். வாரியம் தொடங்கியதிலிருந்து கேட்டதைப் பெற்ற முதல் ஆள் அவர்தானாம். அவர் கை ஜில்லென்று இருப்பதாக நிபுணர் அக்கறையோடு சொன்னார்.

அப்போது மேஜைத் தொலைபேசி அடித்தது. எழுத்தர் எடுத்துக் கேட்டார். பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டு தலைவரிடம் சொன்னார்.

"வேற ஊர் கிளையில இருந்துங்க. அங்க ஒரு பொண்ணு இதே தொடரைக் கேட்டு வந்திருக்காம். காரணம், அப்பாவோடு பேசுவதற்குன்னு எழுதியிருக்காம். அப்பா இருக்காரான்னு கேட்டதுக்கு, இருக்காரு, கண்ணாடிக் கடையில லென்ஸ் போடுறாரு, வேணும்னா கேட்டுப் பாருங்கன்னு சொல்லுதாம்."

அவள் விண்ணப்பித்ததை அவரிடம் சொல்லவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் வாங்கிக் காட்ட வேண்டும் என்று இருந்திருப்பாள்.

தலைவர் சான்றிதழை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இவருக்கு மகள் இல்லை. முத்திரையே வெச்சாச்சு. அப்ப அந்தப் பொண்ணு வாரியத்துக்கிட்டயே பொய் சொல்லுது. கீழ்த்தளத்துக்கு அனுப்பச் சொல்லுங்க."

"சார், எனக்கு மக இருக்கா." லென்ஸ்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "அவ சொல்றதுதான் உண்மை. நான்தான் பொய் சொன்னேன். என்னை அனுப்புங்க."

"பக்கம் தாண்டிடுச்சே" என்று தலைவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "படிச்சு முடிச்ச பக்கத்துக்குத் திரும்பிப் போற வழக்கம் எந்த முறையிலயும் கிடையாது. வேணும்னா புதுசா விண்ணப்பம் குடுங்க. முறைப்படி விசாரிப்போம்."

எழுத்தர் தொலைபேசியில் "ஆமா, அனுப்பிடலாம்" என்றார்.

வெளியே வந்து மகளை அழைத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தார். மறுபடியும் அடித்து ஓய்ந்தது. திரையில் அவர் கேட்ட செயலி தானாகத் திறந்துகொண்டு, கடைசிப் பாகத்தை விளம்பரமில்லாமல் ஓடவிட்டது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். உள்ளே ஊர் அழுகிற சத்தம் கேட்டது. வைத்தியன் செத்துவிட்டான் போலிருக்கிறது.

புது விண்ணப்பத்துக்கான வரிசை கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குள் போயிருந்தது. அவர் கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்ற ஆள் திரும்பி, பொழுது போகட்டும் என்று பேச்சுக் கொடுத்தான்.

"எதுக்கு அண்ணே நிக்கிறீங்க?"

"என் மகளுக்கு" என்றார்.

அந்த ஆள் தெரிந்தவன்போல் தலையாட்டினான். "அது கிடைக்குறது கஷ்டம்னு சொல்றாங்க" என்றான்.